சப்ஸ்டன்ஸ் பி: வலியின் மூலக்கூறு அல்ல

தண்டுவடத்துக்கு வலியைக் கொண்டுசெல்லும் நரம்பு முனைகளில் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடு இருக்கிறது, வலி தூண்டப்பட்டால் வெளியேறுகிறது. ஆகவே அதன் ஏற்பியான என்கே1-ஐ அடைத்தால் வலி தீரும் என்பது வாதம். முற்பாதி உண்மை. முடிவு தவறு.

1. 1931-இல் ஆய்வாளர்களான ஆய்லரும் கேடமும் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் இதைப் பிரித்தபோது கண்டவை குடல் சுருக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும். 11 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடுக்கு வலி பல வேலைகளில் ஒன்று மட்டுமே.

2. அதே நரம்பு முனைகள் குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தியையும் வெளியிடுகின்றன. கூட இருந்தாலே காரணமாகிவிடுமா? 1998-இல் சப்ஸ்டன்ஸ் பி-யின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் லேசான வலியை வழக்கம்போல உணர்ந்தன. கடுமையான வலிக்கான எதிர்வினைதான் குறைந்தது.

3. அந்த வாதத்துக்கு அதிகம் காட்டப்படும் சான்று 1997-இன் சபோரின் சோதனை. சபோரின் என்ற நச்சைச் சப்ஸ்டன்ஸ் பி-யுடன் இணைத்துச் செலுத்தினால், என்கே1 உள்ள தண்டுவட நியூரான்கள் அதை உள்ளிழுத்து மடிகின்றன. எலிகளில் மிகை வலியுணர்வு தணிந்தது. ஆனால் அங்கே அழிந்தது எது? நியூரான். குளூட்டமேட்டையும் பெறும் நியூரான். அதன் இழப்பைப் பெப்டைடின் கணக்கில் எழுதுவது எந்தத் தர்க்கம்? கருவி எதை அழிக்கிறதோ அதைப் பற்றித்தான் சான்று சொல்லும்.

4. முதல் தலைமுறை என்கே1 அடைப்பான்களில் ஒன்றான சிபி-96,345 கால்சியம் கால்வாய்களையும் தடுத்தது. அதன் வலிதணிப்பை என்கே1-க்கு மட்டும் உரியதாக்க முடியாது.

5. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் என்கே1 அடைப்பான்கள் வலிநிவாரணியாகத் தோற்றன. அவற்றில் ஒன்றான அப்ரெபிடன்ட் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுப்பதற்காக.