அப்பச்சோடாவும் சலவைச்சோடாவும் ஒண்டில்லை

போன வருசம் எங்கட குழுவில் ஒருவரின் பெரியப்பா காலமானார். அவருடைய அலுமாரிக்குள் ஒரு பழைய கமராவும், படம் எடுத்து முடித்துக் கழுவாமலே விட்ட இரண்டு கறுப்பு வெள்ளை பிலிம் றோல்களும் இருந்தன. இடப்பெயர்வில் அல்பங்கள் முழுவதையும் இழந்த குடும்பம் அது. “அதுக்குள்ள ஆர் ஆர் இருக்கினமோ” என்று பெரியம்மா ஒருக்கால் மட்டும் கேட்டா. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கழுவித் தாறம் எண்டு வாக்குக் கொடுத்தது நாங்கள்தான்.

கோப்பியில் பிலிம் கழுவலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1995 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்பவரின் வகுப்பில் பிறந்த முறை அது. ‘கஃபினோல்’ என்பது பெயர். இப்போது பரவலாக இருக்கும் கணக்கு ஒரு லீற்றருக்கு இப்படி: நீரற்ற சலவைச்சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், உடனடிக் கோப்பித்தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். எங்களிடம் கோப்பி இருந்தது, விற்றமின் சி இருந்தது. சலவைச்சோடா மட்டும் இல்லை. “சோடா சோடாதானே” என்று குசினியில் இருந்த அப்பச்சோடாவைப் போட்டோம்.

றோல் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. படம் இல்லாதது ஒருபுறம், ஓரத்தில் வாற இலக்கங்கள்கூட இல்லை. அந்த இலக்கங்கள் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்து விடப்படுபவை. பழைய பிலிம் என்றால் சாம்பல் புகையாவது ஏறியிருக்க வேண்டும். அதுவும் இல்லை. ஆகவே பிழை பெரியப்பாவின் கமராவில் இல்லை, எங்கட போத்தலுக்குள்.

இதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒரு பகுதி, “இதெல்லாம் விளையாட்டு, கொம்பனி மருந்து வாங்கிச் செய்யோணும்” என்றது. அந்தப் பக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்ற நாட்டில், கடல் தாண்டி வந்தால்தான் படம் என்று இருந்தால் இந்தக் கலை பணக்காரரின் பொழுதுபோக்காகவே முடியும். மாற்றுப் பொருள் தேடுவதில் வெட்கமும் இல்லை. கொம்பனிகளும் அதைத்தானே செய்கின்றன? பழைய டி-76 கலவையில் மெட்டோலும் ஐதரோகுயினோனும் இருக்கும். 1996 இல் கொடாக் விட்ட எக்ஸ்ரோலில் ஐதரோகுயினோனின் இடத்தை விற்றமின் சி வகைப் பொருள் பிடித்தது.

எங்கட குறை வேறு. பெயரைப் பார்த்து மாற்றினோம், வேலையைப் பார்த்து மாற்றவில்லை. இந்தக் கலவையில் வெள்ளி உப்பைத் தாழ்த்துவது கோப்பியில் உள்ள கஃபேயிக் அமிலமும் விற்றமின் சியும். (கஃபீன் இல்லை. கஃபீன் நீக்கிய கோப்பியும் வேலை செய்யும்.) அவை வேலை செய்யக் கடும் காரம் வேண்டும். சலவைச்சோடாக் கரைசலின் பிஎச் 11க்குக் கிட்ட. அப்பச்சோடா 8ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதிலும் விற்றமின் சி ஓர் அமிலம், இருக்கிற காரத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். மிஞ்சுவது இனிக்காத கோப்பித் தண்ணி.

வேடிக்கை என்னவென்றால், அந்த அப்பச்சோடாவே போதுமாக இருந்தது. சட்டியில் நன்றாக வறுத்தால் நீரும் காபனீரொட்சைட்டும் போய் அது சலவைச்சோடாவாகிவிடும். உயர்தரத்தில் நாங்கள் பாடமாக்கிய சமன்பாடுதான். 100 கிராம் போட்டு வறுத்து, நிறை 63 கிராமளவில் வந்து அதற்குமேல் குறையாமல் நின்றால் மாற்றம் முடிந்தது. 54 கிராம் வேண்டுமென்றால் 86 கிராமில் தொடங்க வேண்டும். சோதினையில் எழுதிப் புள்ளி வாங்கின ஆக்கள் நாங்கள், குசினியில் மறந்துபோனோம்.

கடையில் சலவைச்சோடா கிடைத்தாலும் கவனம். பளிங்குக் கட்டியாக இருந்தால் பாதிக்குமேல் தண்ணி, 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். வாசமும் நுரையும் உள்ள சலவைத்தூள் சரிவராது. தண்ணியில் பொங்கும் விற்றமின் சி மாத்திரையும் வேண்டாம், அதற்குள் வேறு அமிலமும் சோடாவும் உண்டு. எங்கட வீட்டு மல்லி போட்ட கோப்பியில் எவ்வளவு கோப்பி என்று ஆருக்குத் தெரியும்? சல்பைற்றும் சல்பேற்றும் ஓரெழுத்து வித்தியாசம், வேலை முற்றிலும் வேறு. முன்னையது டெவலப்பரைப் பழுதாகாமல் காக்கும். பின்னையதை வெப்ப நாட்டுக் கலவைகளில் ஜெலற்றின் ஊதாமல் இருக்கச் சேர்ப்பார்கள். எங்கட குழாய்த் தண்ணி 30 பாகைக்குக் கிட்ட நிற்கிறதால் ஐஸ் பெட்டியை மறக்காதேங்கோ.

இன்னொன்று. “கோப்பிதானே, இயற்கை” என்ற கதை எங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காரம் கண்ணில் பட்டால் சும்மா விடாது. கடைசியில் போடும் ஹைப்போவுக்குக் குசினியில் நல்ல மாற்று இல்லை. பாவித்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் கிணற்றை நம்பிச் சீவிக்கும் யாழ்ப்பாணத்தில் அதைக் கிணத்தடியில் ஊத்துவது அநியாயம். சட்டி துலக்கும் இரும்புக் கம்பிப்பஞ்சை அதற்குள் ஊறவிட்டால் வெள்ளியில் பெரும்பகுதி அதில் படியும்.

எங்களை இன்னமும் உறுத்துவது ஒரு சின்ன விசயம். பிலிமின் தொடக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பருக்குள் போட்டுப் பார்க்கலாம். சில நிமிடத்தில் கறுத்தால் கலவைக்கு உயிர் இருக்கு. கறுக்காவிட்டால் றோலைத் தொடக்கூடாது. அன்று அதைச் செய்யவில்லை. ஹைப்போ போட முன்னம் நிறுத்தியிருந்தாலும் திரும்பக் கழுவியிருக்கலாம். போட்ட பிறகு ஒன்றுமில்லை.

இப்போது எங்கட சொந்த றோல்கள் நாலைக் கழுவிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் நிறை, பாகை, நிமிடம் எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறது. மூன்றாவதும் நாலாவதும் நல்லாய் வந்தன. பெரியப்பாவின் மற்ற றோல் இன்னும் பிரிஜ்ஜுக்குள் இருக்கிறது. முதலாவது போனதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டோம். “சரி, மற்றதை ஆறுதலாச் செய்யுங்கோ” எண்டா.