பெரியவர்களின் திரை நினைவுகளைக் கேட்டு வைப்போம்

சினிமா என்ற சொல் எழுந்தாலே நம் இல்லங்கள் பலவற்றில் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுகின்றனர். இளமையில் கொட்டகைக்குச் சென்றதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வது ஐவேளை தொழுபவருக்கு அழகன்று என்ற கூச்சம் அவர்களுக்கு. அக்கூச்சத்தை மதிக்கிறோம். ஆயினும், அந்த நினைவுகள் சொல்லப்படாமலே மறைவது சமுதாயத்திற்கு இழப்பு என்றே கருதுகிறோம்.

1961ஆம் ஆண்டு வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தை எடுத்துக்கொள்வோம். பீம்சிங் இயக்கிய அப்படத்தில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் வளர்த்த ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். தொப்பி அணிந்து மிதிவண்டியில் பாடிச் செல்லும் ரஹீம், அந்தக் கதையின் நாயகன். அல்லாஹ்வின் பெயரைப் போற்றும் பாடலொன்றை டி.எம். சௌந்தரராஜனுடன் நாகூர் இ.எம். ஹனிபா சேர்ந்து பாடியிருந்தார். இன்று எழுபதைக் கடந்த எவரிடமேனும் இப்படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதையைவிட, அரங்கில் அருகிலிருந்த மாற்று மத நண்பரின் முகம்தான் அவர் நினைவில் முதலில் வரும். நம்மவன் ஒருவனை ஊரே விரும்பியது என்ற பெருமிதம் அந்த நினைவில் கலந்திருக்கும்.

ஹனிபா அவர்களின் கச்சேரி நினைவுகளோ இன்னும் செழிப்பானவை. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவர் திரையில் பாடியவை சிலவே; 1992இல் 'செம்பருத்தி' படத்திற்காக இளையராஜா இசையில் பாடியதைப் பலர் அறிவர். அவருடைய உண்மையான அரங்கம் மீலாது மேடையும் கந்தூரி இரவும் திராவிட இயக்கக் கூட்டங்களும்தான். ஒலிபெருக்கி தேவையா என்று ஐயுறவைக்கும் குரல் அது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள், மாடியில் அமர்ந்து நள்ளிரவு வரை கேட்ட பெண்கள், பஜ்ர் பாங்கு கேட்ட பின்பே கலைந்த கூட்டம் என அக்காலம் பற்றிக் கேள்விப்படாத கடற்கரை ஊர் உண்டா? அக்கூட்டத்தில் முஸ்லிமல்லாதார் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் பெரியவர்களே சொல்ல வேண்டும். வேறெங்கும் அது எழுதப்படவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வேறு நினைவுகள். 2009இல் ஆஸ்கார் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் எல்லாப் புகழையும் இறைவனுக்கே உரியதாக்கித் தமிழில் பேசிய காலைப்பொழுது பல வீடுகளில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. 'பம்பாய்' படப் பாடலைக் கண்டவர்கள் காசர்கோட்டின் பேக்கல் கோட்டைக்குச் சென்று, அதே மதிலில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். (கோட்டையருகே, திப்பு சுல்தான் காலத்தியது எனப்படும் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மதிலேறுவோரும் உண்டு.)

எனினும், ரஹீமைக் கண்ட கண்கள் வேறு. இன்றைய பிள்ளைகள் கண்டு வளர்ந்தவை வேறு. 1992இல் வந்த 'ரோஜா'வுக்குப் பிறகு, தமிழ்த்திரையில் தொழுகை விரிப்புக்கு அருகே துப்பாக்கியும் தென்படலாயிற்று. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நம்மவர் தெருவில் இறங்கிய நாட்களே இளைஞர் பலருக்கு நினைவிருக்கிறது. திரை எப்போதும் நம்மை இப்படித்தான் காட்டியது என்று அவர்கள் நம்பினால், மறுத்துச் சொல்லப் பாட்டனார்தாமே சாட்சி?

இதனால் நடிகர் மோகம் வளரும் என்று சிலர் அஞ்சலாம். கட்அவுட்டுக்குப் பாலூற்றும் வெறி நமக்கு ஏற்புடையதன்று, வணக்கம் படைத்தவனுக்கே. ஆனால் ஒருவர் தம் இளமையில் கேட்ட குரலை நினைவுகூர்வது வழிபாடாகாது. இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் வீடுகளில் இவ்வளவு மௌனம் சேர்ந்துவிட்டது.

சென்னை அண்ணா சாலையில் 'பாவ மன்னிப்பு' ஓடிய சாந்தி திரையரங்கு 2016இல் மூடப்பட்டது. அங்கே சீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். நன்னா, அப்பா என ஊருக்கொரு பெயரில் அழைக்கப்படும் அவர்களிடம் அஸருக்குப் பின் தேநீர் கொடுத்துவிட்டு அமருங்கள். எந்தக் கொட்டகை, யாருடன் சென்றார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். நன்னியிடமும் கேட்க மறவாதீர்கள்; தாம் போகவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள்.