தமிழ் முகவரியில் காணாமல் போகும் தீபம்

வலைத்தள முகவரி சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லாத வழிகாட்டியே கிடையாது. கேள்விக்குறி, ஐடி, சமக்குறி என்று வால் மாதிரி தொங்குவதை வெட்டிவிட்டு, பக்கத்தின் தலைப்பையே முகவரியாக வை என்பார்கள். அப்பாச்சி வழங்கியில் இதைச் செய்வது மாட் ரீரைட். ரால்ஃப் எங்கல்ஷால் 1996-ல் எழுதியது. வாசகர் கேட்பது ஒரு முகவரி, வழங்கி உள்ளே எடுத்துக் கொடுப்பது வேறொரு முகவரியை. நடுவில் மாற்றிவிடுவது எச்டிஆக்சஸ் கோப்பில் இருக்கும் ஓரிரு வரி விதி. அவ்வளவுதான் வித்தை.

ஆங்கிலத் தளத்துக்கு இது சரி. தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் உதைக்கும்.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் 7 எழுத்து. யுனிகோடில் 12 குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முகவரியை நகலெடுத்து மடலில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக மொத்தம் 108! (அண்ணாமலையார் ஊருக்குப் பொருத்தமான எண்தான், ஆனால் அர்ச்சனைக்குத்தான் உதவும்.) உலாவியில் அழகாகத் தெரிகிற தமிழ் விக்கிப்பீடியா சுட்டி, ஒட்டிய இடத்தில் எறும்பு வரிசையாக ஓடுவது இதனால்தான்.

இதைவிட மோசம் வேர்ட்பிரஸ். அது தலைப்பை இப்படி விரித்த வடிவில்தான் சேமிக்கிறது, அதுவும் 200 எழுத்துக்குள். 'திருவண்ணாமலை கார்த்திகை தீபம்' என்று தலைப்பிட்டால் ஊருக்கு 108, கார்த்திகைக்கு 90, நடுவில் ஒரு கோடு. 199 ஆகிவிட்டது. தீபத்துக்கு இடமில்லை. முகவரி கார்த்திகையோடு நின்றுவிடும். பாடம் எழுதியவர் தமிழில் ஒரு தலைப்பைக்கூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, ஆங்கில எழுத்தில் எழுதிவிடலாமே என்பார்கள். ஊர்ப் பெயரை 'டி'யில் தொடங்கி அடுத்து 'எச்' போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. எதை வைப்பது? தவிரவும், தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழில் முகவரி கூடாது என்பது தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி. 2000-களில் ப்ளாகரில் முழுத் தமிழில் தலைப்பு வைத்தவர்களுக்கெல்லாம் 'ப்ளாக்-போஸ்ட்' என்ற ஒரே பெயரும் பின்னால் ஒரு எண்ணும்தான் கிடைத்தன. அந்தக் கதி இன்னொரு முறை வேண்டாம்.

ஊரைப் பற்றித் தளம் போடும் மாணவர்கள் செய்ய வேண்டியது எளிது. முகவரியில் முதலில் பக்கத்தின் எண், பிறகு தமிழ்த் தலைப்பு. 37, சாய்கோடு, திருவண்ணாமலை-கார்த்திகை-தீபம் என்பது போல. விதி 37-ஐ மட்டும் படிக்கட்டும். பின்னால் வருவது குறுஞ்செய்தியில் வெட்டுப்பட்டாலும், யாரோ பாதியை மட்டும் நகலெடுத்தாலும் பக்கம் திறக்கும். தீபத்தன்று மலைக்கு வருபவர் கையில் உடைந்த சுட்டி இருந்தாலும் பேருந்து நிற்குமிடம் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவும் நீண்ட தலைப்புகளுக்கு ஒரு குறுஞ்சுட்டியைத் தனியாகக் கொடுத்தது இதே தலைவலிக்காகத்தான்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் உள்ள விதி ஏ முதல் இசட் வரை, எண்கள், கோடு இவற்றை மட்டுமே ஏற்கும். அதை அப்படியே ஒட்டினால் தமிழ் முகவரி அத்தனையும் 404 ஆகும். பிறகு, வெறும் 37 என்று கேட்டு வருபவரை 301 போட்டு முழு முகவரிக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி ஒரே பக்கத்தை இரண்டாக எண்ணிக்கொள்ளும்.