சுகப்பிரசவம்னா என்ன?

போன வாரம் சென்னையிலருந்து ஒரு நண்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். இளநி குடிச்சுக்கிட்டே, "அந்தக் காலத்துல உங்க ஊர் பொம்பளைங்க வயல்லயே புள்ளை பெத்துட்டு மறுநாளே நாத்து நடப் போனவங்க. இப்ப இருக்கறவங்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை. அதான் ஆளாளுக்கு சிசேரியன்"னார். என் சம்சாரம் காதுல விழுந்துச்சு. ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டாங்க.

விருந்தாளிகிட்ட சொல்லாத பதிலை இங்கே எழுதறேனுங்க.

என் அப்பத்தா பெத்தது ஒன்பது, வளர்த்தது அஞ்சு. அவங்க அக்கா தலைச்சன் பிரசவத்துலயே போயிட்டாங்க. குழந்தை குறுக்கே கிடந்துச்சாம். வயல்ல பெத்த கதையைச் சொல்றவங்க எல்லாரும் பொழைச்சு வந்தவங்க. செத்தவங்க கதை சொல்ல வரமாட்டாங்க.

கட்டுத்தரையில மாடு கன்னு போட முடியாம தவிச்சா, நடுராத்திரியிலயும் மாட்டு டாக்டரைக் கூட்டியாறோம். அந்த மாட்டைப் பார்த்து "தெம்பில்லை"ன்னு எவனும் சொன்னதில்லை.

என் சம்சாரம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வலி தாங்கினாங்க. குழந்தையோட இதயத்துடிப்பு குறையுதுன்னு விவரம் சொல்லித்தான் அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினாங்க. "பாப்பா அழுத சத்தம் கேட்டப்புறம் தழும்பெல்லாம் ஒரு கணக்கா?"ன்னு இன்னைக்கும் கேட்பாங்க.

என் தங்கச்சி கதை வேற. டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வலியே ஆரம்பிக்கலை. சனிக்கிழமை சாயங்காலம் "தண்ணி குறைஞ்சிருக்கு, உடனே எடுக்கணும்"னாங்க. எவ்வளவு குறைஞ்சிருக்கு, காத்திருந்தா என்ன ஆகும்னு கேட்டதுக்குப் பதில் இல்லை. அரை மணி நேரத்துல மாப்பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. "அறுத்ததுகூடப் பரவால்லைண்ணா. என் வயித்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே"ங்கறா.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்றது இது: தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில 36, தனியார்ல 64. சிக்கலான கேஸை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுதான் நம்ம ஊர் வழக்கம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம். தனியாருக்குப் போற பொம்பளைக்கு மட்டும் தெம்பு பாதியாயிடுச்சா? ஜோசியர் குறிச்ச நேரத்துக்கு எடுக்கச் சொல்லி நிக்கறது யாரு? பெரும்பாலும் நாமதானே!

கோபம் வந்தா அங்கே காட்டுங்க. டாக்டர்கிட்ட "ஏன்?"னு கேளுங்க. பெறப் போறவகிட்ட "உனக்கு என்ன தோணுது?"ன்னு கேளுங்க. பெத்துட்டுப் படுத்திருக்கறவகிட்ட மட்டும் "நார்மலா, சிசேரியனா?"ன்னு மார்க் போடாதீங்க. "சாப்பிட்டியா, தூங்கினியா?"ன்னு கேளுங்க.

விவரம் தெரிஞ்சு, சம்மதிச்சு, தாயும் புள்ளையும் உசுரோட வீடு வந்து சேர்ந்தா எங்களுக்கு அதுதான் சுகப்பிரசவம். குழந்தை எந்த வழியா வந்துச்சுங்கறது அந்தத் தாயோட விஷயம்.

நண்பரே, அடுத்த தடவையும் வாங்க. இளநி நான் வெட்டித் தர்றேன். மன்னிப்பு மட்டும் உள்ளே போய்க் கேட்டுக்குங்க.