‘ஆகவே’ என்ற சொல்லின் பொய்மை

மூளைக்காயம் குறித்த ஆய்வேடுகளின் முதற்பத்தி ஒரே அச்சில் வார்க்கப்பட்டது போலிருக்கும். வளரும் நாடுகளில் சாலை விபத்துகள் பெருகுகின்றன. தலைக்காயத்தால் உழைக்கும் வயதினர் மடிகின்றனர். ஆகவே மூளையைக் காக்கும் இயற்கைப் புரதங்களை ஆராய்வது இன்றியமையாதது. நிதி கோரும் விண்ணப்பம், மாநாட்டுச் சுருக்கம், வாய்மொழித் தேர்வு என எங்கும் இந்த வாதம் வினாவின்றி ஏற்கப்படுகிறது. அதில் வரும் ‘ஆகவே’ என்ற சொல்லைத்தான் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

அந்த முதற்பத்தியில் மடிகிறவர் யார்? விடியும் முன்பே போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டும் கம்பம்மெட்டும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலக்காட்டுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் அவருள் அடங்குவர். மூணாறு, மறையூர், வட்டவடைச் சரிவுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர் அடங்குவர். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் சாலைவழியே செல்ல வேண்டுமானால் தமிழகத்தின் சேத்துமடை வழியாகவே அடையக்கூடிய பறம்பிக்குளத்துப் பழங்குடியினர் அடங்குவர். கொண்டையூசி வளைவில் ஜீப் கவிழ்ந்தால் ஆய்வேட்டின் முதற்பத்திக்கு ஒரு சான்று சேர்கிறது. இரண்டாம் பத்தியிலிருந்து இறுதிப் பக்கம் வரை அம்மனிதர் மீண்டும் தோன்றுவதில்லை.

இயற்கைப் புரதங்கள் வியப்புக்குரியவை என்பதில் ஐயமில்லை. தலையில் அடிபட்ட கணத்தில் நேரும் சிதைவு முதல் காயம். அதைத் தொடர்ந்து மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வீக்கம், குளூட்டமேட் பெருக்கம், கால்சியம் உட்புகல், அழற்சி ஆகியவற்றால் விரியும் அழிவு இரண்டாம் காயம். இந்த இரண்டாம் காயத்தை எதிர்த்து உடல் தானே போரிடுகிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70, உருக்குலைந்த புரதங்களை மீண்டும் மடித்துச் செம்மை செய்கிறது. உயிரணுவின் தற்கொலையைத் தடுக்கிறது. மூளைவழி நரம்பு வளர்ச்சிக் காரணியான பிடிஎன்எஃப், நியூரான்கள் பிழைத்திருக்கவும் புதிய இணைப்புகளை உருவாக்கவும் துணைநிற்கிறது. கசிந்த குருதியின் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபினும், அதிலிருந்து பிரியும் ஹீமை ஹீமோபெக்சினும் பற்றிக்கொண்டு நச்சு பரவாமல் காக்கின்றன. உயிர்க்காற்று குறையும்போது மூளையே எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கிறது.

ஆனால் இந்த அறிவை மருந்தாக்கும் முயற்சிகளின் வரலாறு அடக்கத்தைக் கற்பிக்கிறது. விலங்குகளில் மூளையைக் காத்த எரித்ரோபொய்ட்டின், 606 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் கடும் ஊனத்தைக் குறைக்கவில்லை. புரதமல்லாவிடினும் உடலில் இயல்பாய்ச் சுரக்கும் புரொஜெஸ்ட்டிரோன், 2014இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில் ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் பயனளிக்கவில்லை. பல்லாண்டுகள் நம்பிக்கையோடு ஏற்றப்பட்ட கார்ட்டிகோஸ்டீராய்டு இறப்பைக் குறைக்காததோடு அதிகரிக்கவும் செய்தது என்பதை, 10,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்த கிராஷ் ஆய்வு 2004இல் காட்டியது.

இத்தோல்விகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று ஆய்வகத்திலேயே கண்முன் இருக்கிறது. ஆய்வக எலிக்கு மயக்கமருந்து தரப்படுகிறது. பெரும்பாலும் உயிர்க்காற்றும் உடன் தரப்படுகிறது. உடல் குளிராதிருக்க வெப்பத்தட்டு வைக்கப்படுகிறது. அளந்த விசையில் ஒரே இடத்தில் அடி விழுகிறது. பல ஆய்வுகளில் அரைமணிக்குள் புரதம் செலுத்தப்படுகிறது. மலைச்சாலையில் கிடப்பவருக்கு மூச்சுப்பாதை அடைபட்டிருக்கலாம். வேறு எலும்புகள் முறிந்து இரத்த அழுத்தம் சரிந்திருக்கலாம். மழையில் உடல் குளிர்ந்திருக்கலாம். ஏதோ ஒரு வாகனத்தில் தூக்கிப் போடப்பட்டு அவர் சி.டி. ஸ்கேன் உள்ள இடத்தை அடையும்போது பல மணிநேரம் கடந்திருக்கலாம். எலிக்குக் கிடைக்கும் முதலுதவி ஏலக்காட்டுத் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை என்பது உவமையன்று. ஆய்வுமுறைப் பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் செய்தி.

இது இரக்கம் பற்றிய வாதம் மட்டுமன்று; உயிர்வேதியியலும் இதையே சொல்கிறது. புரதத்தை உற்பத்தி செய்ய ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு உயிர்க்காற்றும் குருதியோட்டமும் வேண்டும். கடுந்தலைக்காயமுற்ற 717 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, மேல் இரத்த அழுத்தம் ஒருமுறை 90க்குக் கீழ் சரிந்தாலும் இறப்பு ஏறத்தாழ இரு மடங்காவதைச் சுட்டியது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஆம்புலன்ஸ் பணியாளருக்கு உயிர்க்காற்று, இரத்த அழுத்தம், அளவான செயற்கைச் சுவாசம் ஆகியவற்றில் பயிற்சி தரப்பட்டது. மொத்த நோயாளிகளிடம் தெளிவான வேறுபாடு தோன்றவில்லை எனினும், கடுங்காயமுற்றோரிடம் பிழைக்கும் வாய்ப்பு இரு மடங்கானது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. புதிய மூலக்கூறு எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. உடலின் சொந்தப் புரதங்கள் பணிபுரிவதற்கான சூழல் காக்கப்பட்டது, அவ்வளவே.

அந்தச் சூழலை இந்த மலைகளில் அறுப்பது எல்லைக்கோடு. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. போற்றத்தக்க திட்டம். ஆனால் விபத்து தமிழக எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். போடிமெட்டுக்கு இப்பால் கவிழ்ந்த ஜீப்புக்கு அது பொருந்தும். அப்பால் கவிழ்ந்த ஜீப்புக்குப் பொருந்தாது. உள்ளே இருந்தவர்கள் அதே போடிக்காரர்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், எச்சாலை விபத்தாயினும் 7 நாட்கள்வரை 1.5 லட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்கு வழிசெய்து பணத்தின் எல்லையை ஓரளவு அழித்திருக்கிறது. நேரத்தின் எல்லையை அது அழிக்காது. காயமுற்றவரை மேற்கே கோட்டயத்துக்குக் கொண்டுசெல்வதா, கிழக்கே தேனிக்கா என்பதை மூளையின் தேவை தீர்மானிக்க வேண்டும். வரைபடம் தீர்மானிக்கக் கூடாது.

அடிப்படை ஆய்வு உடனடிப் பயனைக் காட்ட வேண்டியதில்லை என்று மறுப்புரை எழும். உண்மை. 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. அறிவின் பொருட்டு அறிவைத் தேடுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும், அது இழிவன்று. ஏழையின் சாவை முன்வைத்து நிதி பெற்று, அச்சாவோடு தொடர்பற்ற வினாவுக்கு விடை தேடுவதுதான் இழிவு. தொழிலாளியின் மரணத்தை மேற்கோள் காட்டுகிற ஆய்வு, அவருக்கு நேர்வதைத் தன் சோதனை மாதிரியில் சேர்த்தாக வேண்டும்: மருந்து பல மணிநேரம் தாமதமானால் புரதம் பயன்படுமா? உயிர்க்காற்றும் இரத்த அழுத்தமும் குறைந்த மூளையில் பயன்படுமா? இளம் எலிகளுக்கு மட்டுமன்றி முதிய எலிகளுக்கும் பயன்படுமா?

அத்தோடு, எலி வேண்டாத ஆய்வொன்றும் காத்திருக்கிறது. போடிமெட்டிலும் மறையூரிலும் சேத்துமடையிலும் காயமுற்ற கணம் முதல் உயிர்க்காற்று, ஸ்கேன், அறுவை அரங்கு ஆகியவற்றை அடையும் நேரத்தை இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து பதிவு செய்யலாம். ஜீப் ஓட்டுநருக்கும் தோட்டத்துக் கங்காணிக்கும் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கக் கற்பிக்கலாம். 108 அழைப்பு எல்லை கடந்தும் ஒரே அழைப்பாகத் தொடர இரு அரசுகளையும் வற்புறுத்தலாம். இவற்றுக்குப் புதிய புரதம் தேவையில்லை. இருக்கும் புரதங்களுக்கு இவை தேவை. அப்பணி நடக்கும் வரை ஆய்வேட்டின் முதற்பத்தியில் ‘ஆகவே’ என்று எழுதும் கை சற்றே தயங்கட்டும்.