பொலிகுதிரை விளம்பரமும் எங்க மாமாவின் காலண்டரும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் ரேஸ் பார்ட்டி கிடையாது. ஒத்த ரூபாய் கட்டினதில்ல. கிண்டி ரேஸ்கோர்ஸை பஸ்ல போகும்போது வெளியிலேருந்து பார்த்ததோட சரி. அதுக்கும் 2024 செப்டம்பர்ல குத்தகையை ரத்து பண்ணி அரசாங்கம் சீல் வெச்சிடுச்சு, விவகாரம் கோர்ட்டுக்குப் போச்சு. ரேஸ் வேணுமா வேணாமான்னு சண்டை போடற பதிவு இல்ல இது. 1996லயே சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. சரி, திறமைன்னே வெச்சுக்குவோம். அந்தத் திறமையை எடை போட என்ன தகவல் கொடுக்கறீங்க? என் சண்டை அங்கதான்.

மேட்டருக்கு வர்றேன். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் இன்னும் மூணு பேரோட சேர்ந்து ஒரு பந்தயக் குதிரையில பங்கு வெச்சிருக்கான். பெட்டைக் குதிரை. ரெண்டு ரேஸ் ஜெயிச்சுது, அப்புறம் காலில் பிரச்னை, ஓட்டம் முடிஞ்சுது. விக்கலாமா, குட்டி எடுக்கலாமான்னு இவங்க யோசிக்க ஆரம்பிச்ச செய்தி எப்படித்தான் பரவுச்சோ, பொலிகுதிரை வெச்சிருக்கிற பண்ணைக்காரங்க பிரசுரங்கள் வரிசை கட்டி வந்து விழுந்துது. "நீதான் டேட்டா ஆளாச்சே, எந்தக் குதிரைன்னு பார்த்துச் சொல்லுடா"ன்னு மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டான்.

மக்களே, அந்தப் பிரசுரங்களைப் பார்க்கணுமே! வழவழ பேப்பர். பக்கம் முழுக்க எண்ணெய் தேய்ச்ச மாதிரி மின்னுற குதிரை, பின்னாடி பச்சைப் புல்வெளி. கல்யாணத் தரகர் கொண்டு வர்ற மாப்பிள்ளை போட்டோ தோத்துச்சு. கீழ அப்பா பேரு, தாத்தா பேரு, கொள்ளுத் தாத்தா பேரு. அதுக்கும் கீழ கொட்டை எழுத்துல, இத்தனை வெற்றியாளர்களின் தந்தை, இத்தனை கோடி பரிசுத் தொகை.

எத்தனை குட்டியில இத்தனை வெற்றியாளர்கள்? அது மட்டும் எங்கயும் இல்ல.

அஞ்சாங்கிளாஸ்ல பின்னம் படிச்சோமே, மேல தொகுதி, கீழ பகுதி. இவங்க தொகுதியை மட்டும் அச்சடிச்சுட்டு பகுதியை முழுங்கிடறாங்க. கணக்குக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு குதிரைக்கு 200 குட்டி, அதுல 40 ஜெயிச்சுது. இன்னொண்ணுக்கு 40 குட்டி, 15 ஜெயிச்சுது. பிரசுரத்துல முதல் குதிரைதான் ராஜா, ஏன்னா 40 பெருசு. உண்மையில அதுக்கு அஞ்சுல ஒண்ணு, ரெண்டாவதுக்கு அஞ்சுல ஏறக்குறைய ரெண்டு. வெளிநாட்டுல ஒரே சீசன்ல 200 பெட்டைகளுக்கு மேல சேர்க்கப்படுற பொலிகுதிரைகள் இருக்கு. அத்தனை குட்டி பிறந்தா நாலு நட்சத்திரம் தேறாமலா போகும்?

பரிசுத் தொகைக் கதை இன்னும் மோசம். பத்து குட்டியில ஒன்பது ஆளுக்கு 50 ஆயிரம் சம்பாதிக்குது, ஒண்ணு மட்டும் 1 கோடி. சராசரி பார்த்தா தலைக்கு 10 லட்சத்து 45 ஆயிரம் வரும், நடுவுல நிக்கிற குதிரைக்கு வெறும் 50 ஆயிரம். உங்க பெட்டைக்குப் பிறக்கப் போறது பெரும்பாலும் அந்த நடுவுல நிக்கிற குட்டிதான் சாமி.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு பொலிகுதிரை பேர் வாங்க ஆரம்பிச்சதும், காசுக்காரங்க எல்லாம் அவங்ககிட்ட இருக்கிற உசத்தியான பெட்டைகளை அதுகிட்டயே அனுப்புவாங்க. பிறக்கிற குட்டி ஓடினா பெருமை மொத்தமும் அப்பனுக்கு. அம்மாவைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க (இந்த ஒரு விஷயத்துல குதிரை உலகமும் நம்ம ஊரும் ஒண்ணு). அமெரிக்காவுல இதுக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அதே பெட்டைகள் வேற பொலிகுதிரைகளுக்குப் போட்ட குட்டிகள் எவ்வளவு சம்பாதிச்சுதுன்னு பார்த்து பக்கத்துல வெச்சு ஒப்பிடுவாங்க. ராக்கெட் சயன்ஸ் ஒண்ணும் இல்ல, ஒரு நாள்ல எழுதிடற க்வெரி. எனக்கு வந்த பிரசுரம் ஒண்ணுலயும் அதைக் காணோம்.

சரி, இந்த இடத்துல எங்க மாமா வர்றார்.

எங்க ஊர் சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூன், தென்பெண்ணை ஆத்தங்கரை. போன தடவை ஊருக்குப் போனப்ப இந்தப் பிரசுரம் ரெண்டு என் பையில இருந்துது. மாமா மூணு கறவை மாடு வெச்சிருக்கார். மாட்டாஸ்பத்திரியில சினை ஊசி போட்டா, தினசரி காலண்டர்ல அந்தத் தேதித் தாளைக் கிழிக்காம மடிச்சு வெச்சு, ஊசிக் குழாய்ல இருக்கிற காளை நம்பரை அதுல எழுதி வெச்சுக்குவார். அந்தத் துக்குணூண்டு குழாய், கால் மில்லி. அதுல எந்த இனம், எந்தக் காளை, என்னைக்கு எடுத்ததுன்னு அச்சடிச்சிருக்கும். உறைவிந்து நிலையங்களுக்கு மத்திய அரசு விதிமுறை இருக்கு. ஒரு டோஸுக்கு 2 கோடி விந்தணு இருக்கணும், உறைநிலையிலேருந்து எடுத்தப்புறமும் பாதியாவது நீந்தணும், காளைக்கு காசநோய், புருசெல்லா எல்லாம் சோதிச்சிருக்கணும். மகள்கள் கிராமத்து வீடுகள்ல எத்தனை லிட்டர் கறக்குதுன்னு அளந்து அப்பன் காளைக்கு மார்க் போடற ஏற்பாடும் இந்தியாவுல இருக்கு. ஊருக்கு வர்ற ஊசியெல்லாம் அப்படி மார்க் வாங்கின காளையோடதுதான்னு நான் அளக்கல. மூணு தடவை போட்டும் சினை நிக்காம மாமா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கத்தின கதையும் உண்டு. ஆனா எதைக் கேட்கணும்னு அவருக்குத் தெரியும்.

பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, இம்மாம் பெரிய படம் போட்டிருக்கான். எத்தினி பெட்டைக்கு விட்டான், எத்தினி சினை நின்னுச்சுன்னு எங்க போட்டிருக்கான்?"

எஞ்சினியரிங் படிச்ச நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்ல. அவ்வ்வ்.

சினை நிக்கிறது குதிரையில உயிர் போற விஷயம். பந்தய ஜாதிக் குதிரைக்கு ஊசி கூடாது, நேரடிச் சேர்க்கை மட்டும்தான், இல்லன்னா வம்சப் பதிவேட்டுல ஏத்த மாட்டாங்க. உலகம் முழுக்க இதே விதி. சினைக்காலம் கிட்டத்தட்ட 11 மாசம். இந்தியாவுல எந்த மாசம் பிறந்தாலும் வயசுக் கணக்கு ஜனவரி 1லேருந்துதான். அதனால ஜனவரி பிறப்பும் மே பிறப்பும் ஒரே வயசா எண்ணப்பட்டு ஒண்ணா ஓடணும். ரெண்டு வயசுல நாலு மாசங்கிறது எவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு சீசன் தவறினா ஒரு வருஷம் போச்சு, தீனிச் செலவு மட்டும் நிக்காது. சில பண்ணைகள், குட்டி பிறந்து எழுந்து நின்னு பால் குடிச்சாத்தான் கட்டணம்னு உத்தரவாதம் கொடுக்கும். நல்ல விஷயம். ஆனா போன வருஷம் திரும்ப வராது இல்ல?

இதெல்லாம் கற்பனைப் பயம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல சிகார்னு ஒரு குதிரை, தொடர்ச்சியா 16 ரேஸ் ஜெயிச்சுது. 1996ல ஓய்வு கொடுத்து பொலிக்கு விட்டாங்க. ஒரு பெட்டை கூட சினையாகல. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துது. அதுக்கு முன்னாடி 1983ல ஸ்நாஃபி டான்சர்னு ஒரு குட்டியை வம்சத்துக்காகவே 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு வாங்கினாங்க. ஒரு ரேஸ் கூட ஓடல, பொலிக்கு விட்டும் மொத்தமே நாலு குட்டிதான். 2006ல தி க்ரீன் மங்கி, 1 கோடியே 60 லட்சம் டாலர். மூணு ரேஸ் ஓடி ஒண்ணும் ஜெயிக்கல. அதையும் பொலிக்கு விட்டாங்க, அதுக்கும் ஆள் வந்தாங்க!

"வம்ச விருத்திங்கறது கலை தம்பி, எக்ஸெல் ஷீட் இல்ல"ன்னு ஒரு பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார். ரஸீனை உதாரணம் காட்டினார். நார்தர்ன் டான்சரோட மகன், 1990 எப்சம் டெர்பியில ஃபேவரிட்டா இறங்கிக் கோட்டை விட்ட குதிரை. இந்தியாவுக்கு வந்து உஷா ஸ்டட்ல நின்னு, நாட்டின் முன்னணிப் பொலிகுதிரையா பல வருஷம் கொடி கட்டிப் பறந்துது. ரேஸ்ல தோத்தது பொலியில ஜெயிச்சுது, உன் கணக்கு இங்க என்ன பண்ணும்னு கேட்டார். ஐயா, நான் சொல்றதும் அதேதான். அதோட மினுமினுப்பும் ரேஸ் சரித்திரமும் எதையும் சொல்லல, குட்டிங்க ஓடினப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப குட்டிங்க கணக்கை மொத்தமா வெளியில போடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

அந்த நார்தர்ன் டான்சரையே 1962ல 25 ஆயிரம் டாலருக்கு வாங்க ஆளில்ல, குள்ளம்னு ஒதுக்கிட்டாங்க. ரெண்டு வருஷத்துல கென்டக்கி டெர்பியை ஜெயிச்சுது. கண்ணால பார்த்தே தரம் சொல்லிடுவோம்ங்கிற கோஷ்டி கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இதுல ஒரு பாவப்பட்ட ஜென்மமும் உண்டு, டீசர்னு பேரு. பெட்டை தயாரா இருக்கான்னு மோப்பம் பிடிச்சுச் சொல்ற ஆண் குதிரை. உதை வாங்கறதெல்லாம் அது, தயார்னு தெரிஞ்சதும் அதை ஓரங்கட்டிட்டு கோடீஸ்வரக் குதிரையைக் கூட்டிட்டு வருவாங்க. ப்ரொபோசல் எழுதறவன் ஒருத்தன், ஆன்சைட் போறவன் இன்னொருத்தன். நம்ம ஐடி மக்களுக்கு மேல விளக்கம் தேவையில்ல :-)

"பணக்காரன் காசு, பணக்காரன் விளையாட்டு, உனக்கேன்டா வலிக்குது"ன்னு கேட்கப் போறீங்க. என் நண்பன் பணக்காரன் இல்ல. ஹவுஸிங் லோன் கட்டற ஆளு, போனஸ் காசுல நாலுல ஒரு பங்கு வாங்கினவன். பெரும் பண்ணைக்காரங்களுக்கு உள் தகவல் எல்லாம் ஃபோன்லயே கிடைச்சிடும், பிரசுரத்தை நம்பி ஏமாறப் போறது இவனை மாதிரி ஆளுங்கதான். அப்புறம் அந்தக் குதிரைங்க. பிரசுரத்துல விட்டுப் போன பகுதி இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு உசுரு. ஜெயிக்காத குட்டியும் 25 வருஷம் வாழும், அது எங்க போகும்? சிலது சீரம் எடுக்கப் போச்சு. பூனாவாலா பண்ணை ஓய்வு பெற்ற குதிரைகளை பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துக்கிட்டு இருந்துது, அதை நாமே பண்ணலாமேன்னு 1966ல தொடங்கினதுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். நாம போட்டுக்கிட்ட கோவிஷீல்டு கம்பெனிக்கு மூலம் அங்க இருக்கு. அப்படி ஒரு வேலை கிடைச்ச குதிரைங்க கொடுத்து வெச்சதுங்க. மத்ததுங்க கணக்கு எந்த வழவழ பேப்பர்லயும் வராது.

கடைசியில நண்பன் சார்பா ஒரு பண்ணைக்கு மெயில் போட்டேன். இதுவரை பிறந்த குட்டி எத்தனை, ஓடினது எத்தனை, ஜெயிச்சது எத்தனை, போன சீசன்ல எத்தனை பெட்டை சேர்த்தீங்க, எத்தனை சினை நின்னுது. அஞ்சே அஞ்சு கேள்வி. பதில் ஒத்தை வரியில வந்துது: "நேரில் வந்து குதிரையைப் பாருங்கள், பார்த்தாலே தெரியும்."

நண்பனும் போய்ப் பார்த்தான். பார்த்துட்டு வந்து, "மச்சி, என்னா குதிரைடா!"ன்னான். அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. மார்ச்ல சேர்த்தாங்க, முதல் தடவை நிக்கல, ஏப்ரல்ல மறுபடி. இப்ப ஸ்கேன்ல சினைன்னு சொல்லியிருக்காங்களாம். மாமாகிட்ட சொன்னேன், "மார்ச்சு மாசத்துக் குட்டி"ன்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். மூணு மாசம் லேட்டு.

பேர் வைக்கிற பொறுப்பு எனக்காம். இங்கிலீஷ்ல 18 எழுத்துக்குள்ள இருக்கணும்கிறது விதி. டினாமினேட்டர்னு வைக்கச் சொல்லியிருக்கேன், 11 எழுத்துதான் வருது.