வாழ்த்து வாசலோடு நின்றுவிடலாமா?

ஒவ்வொரு ஐப்பசியிலும் தமிழ்நாட்டில் ஒரு சண்டை தவறாமல் வந்துவிடுகிறது. முதலமைச்சர் தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்னாரா, இல்லையா? 2021இல் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த மு.க. ஸ்டாலின் சொல்வதில்லை. அவருக்கு முன் கலைஞரும் சொன்னதில்லை. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஓணத்துக்கும் வாழ்த்துகிறவர் இந்துக்களை மட்டும் ஒதுக்குகிறார் என்று பா.ஜ.க.வினர் சளைக்காமல் கேட்கிறார்கள். கலைஞர் தொலைக்காட்சியோ அந்த நாட்களை 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்ற பெயரில் கடந்துவிடுகிறது.

இந்தச் சண்டையில் நான் வாழ்த்துச் சொல்லாதவர்கள் பக்கம்தான். ஆனாலும் இது நம்மை ஒரு வசதியான இடத்தில் உட்கார வைத்துவிட்டதோ என்று எனக்கு ஐயம் உண்டு. எந்த மதத்துப் பண்டிகைக்கு வாழ்த்துவது என்ற கேள்வியோடு நம் விவாதம் முடிந்துவிடுகிறது. யார் யாருக்கு, எந்த வாசலில் நின்று வாழ்த்துகிறோம் என்ற கேள்விக்கு அது வருவதே இல்லை.

முதலில் தீபாவளி. நான் திருவதிகைக்காரன். எங்கள் ஊர் வீரட்டானேசுவரர் கோயிலின் பெருமையே சிவன் இங்கே மூன்று அசுரர்களின் கோட்டைகளை எரித்தான் என்பதுதான். சமணத் துறவியாக இருந்த தருமசேனர், தமக்கை திலகவதியார் இருந்த இந்த ஊருக்குத் திரும்பி வந்து திருநாவுக்கரசர் ஆனார். அதன் பிறகு பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் கோயில் எழுப்பினான் என்று பெரிய புராணமே பெருமையாகச் சொல்கிறது. பாடலிபுத்திரம் என்றால் வேறெங்கோ அல்ல, இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்தான். அதே கோயில் வளாகத்தில் ஒரு புத்தர் சிலையும் உண்டு. அசுரன் எரிந்தான் என்ற கதைக்குப் பின்னால் யார் எரிந்தார்கள், யாருடைய பள்ளி இடிந்தது என்று கேட்க எங்கள் ஊரில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கோயிலுக்குள் ஒரு சுற்று வந்தாலே போதும்.

நரகாசுரன் கதையும் இந்த வகைதான். ஒருவன் கொல்லப்பட்டதற்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடச் சொல்கிறது. பெரியார் இதை எதிர்த்ததன் காரணம் நமக்குத் தெரியும். சமணர்கள் அதே நாளை மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அதை எள் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதைக் கொண்டாடிய பௌத்தத் திருநாள் என்று விளக்கினார். ஒரே நாளுக்கு இத்தனை கதைகள் இருக்க, கொலைக் கதையை மட்டும் ஏற்று வாழ்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஓணத்துக்கு வாழ்த்துவதில் நமக்குச் சிக்கல் இல்லாததற்கும் இதுதான் காரணம். அங்கே மக்கள் கோலமிட்டு வரவேற்பது கொன்றவனை அல்ல. மண்ணுக்குள் அழுத்தப்பட்ட அசுர அரசன் மாவலியை.

அதற்காகத் தீபாவளியன்று முறுக்குத் தட்டோடு வருகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் நரகாசுர விளக்கம் சொல்வதில்லை. "வாங்கக்கா, பிள்ளைங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கொள்கையை மேடையில் பேசலாம், எழுதலாம். மனிதரை வாசலில் அவமதிக்க வேண்டியதில்லை.

நம்முடைய இடர்ப்பாடு இங்கே இல்லை. நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற வாழ்த்தில்தான் இருக்கிறது: பொங்கல் வாழ்த்து.

பொங்கலில் சாமி கதை இல்லை, கொலை இல்லை, மதம் இல்லை, அது தமிழர் அனைவருக்கும் பொது என்கிறோம். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது பண்ருட்டிக் கடைகளில் மார்கழி பிறந்ததும் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கும். கரும்பு, காளை, எம்.ஜி.ஆர்., ரஜினி. காலனியிலிருந்து வந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன் எனக்கு ஒரு அட்டை அனுப்பினான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிடம். அட்டை தபாலில் வந்தது. அம்மா அதைக் கூடத்துச் சுவரில், காலண்டர் ஆணியில் செருகி வைத்தார்கள்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் பறை அடித்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். அடித்து முடித்ததும் வீடு வீடாகப் பின்பக்கம் வந்து நின்றார்கள். "கும்புடறேன் சாமி" என்றார் அவர். என் அப்பா பதிலுக்கு எதுவும் சொல்லவில்லை. அரிசியையும் காசையும் தொடாமல் பையில் போட்டார். பையை விரித்துப் பிடித்திருந்தது என் நண்பன். அவன் என்னைப் பார்த்தான். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவன் அனுப்பிய அட்டை கூடத்துச் சுவரில் இருந்தது. அவன் கொல்லைப்புறத்தில் நின்றான். 'பொங்கல் தமிழர் திருநாள்' என்று யார் மேடையில் சொன்னாலும் எனக்கு அந்தக் கொல்லைப்புறம் நினைவுக்கு வருகிறது. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளில், அறுத்தவர்கள் பின்வாசலில் நின்றார்கள். கதையில் கொலை இல்லாததால் மட்டும் ஒரு பண்டிகை சமத்துவப் பண்டிகை ஆகிவிடாது.

நம் ஊர்களில் சாதி குடியிருக்கிற இடங்களில் ஒன்று, ஒருவரை ஒருவர் முகமன் கூறிக்கொள்ளும் முறை. ஒருவர் "கும்புடறேன் சாமி" என்பார், மற்றவர் "என்னடா" என்பார். வயதில் மூத்தவரைச் சிறுவன் பெயர் சொல்லி அழைப்பான். இந்த ஏற்றத்தாழ்வை உடைக்கத்தான் நம் முன்னோர் புதிய முகமன்களை உண்டாக்கினார்கள். 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தது. 'ஜெய் பீம்' வந்த வரலாறு இன்னும் சுவையானது. நாக்பூரை அடுத்த காம்டியில் வாழ்ந்த அம்பேத்கரியத் தோழர் பாபு ஹர்தாஸ், முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் சலாம் சொல்லிக்கொள்வதைப் பார்த்து, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று உருவாக்கியதாகப் பதிவு இருக்கிறது. சலாமில் அவர் கண்டது எளிய உண்மை: யார் சொன்னாலும் அதே சொல், பதிலிலும் அதே மரியாதை. முதலாளிக்கு ஒரு சலாம், கூலிக்காரனுக்கு வேறு சலாம் என்று இல்லை.

ஆகவே எந்த வாழ்த்தையும் நான் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். இது யாருடைய சாவையாவது கொண்டாடுகிறதா? இதே வாழ்த்தை அவர் என் வீட்டுக்குள் வந்து எனக்குச் சொல்ல முடியுமா? தீபாவளி முதல் கேள்வியிலேயே தோற்கிறது. பொங்கல் முதல் கேள்வியில் தேறிவிடுகிறது. இரண்டாவதில் பெரும்பாலான ஊர்களில் இன்னும் தேறவில்லை. அரசு அலுவலகங்களில் 'சமத்துவப் பொங்கல்' வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அலுவலக வளாகத்தில் வேட்டி கட்டி ஒன்றாகப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், மாலையில் அவரவர் தெருவுக்குத்தான் திரும்புகிறார்கள்.

சிறுபான்மையினர் பண்டிகைகளுக்கும் இதே உரைகல்தான். பெரும்பான்மை மதவெறிக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்று சொல்வதுதான் நம் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் ரம்ஜான் வாழ்த்தும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லும்போது, எங்களுக்கு அடுத்த விழுப்புரம் பகுதி இறையூரில் 2008இல் நடந்ததை மறக்க முடியாது. ஒரே தேவாலயத்தில் சமமாக நடத்தப்படாத தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அது மோதலாகி, துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினராக இன்றும் ஏற்பதில்லை. கோயிலில் சாதி, தேவாலயத்தில் சாதி, அரசாணையில் மட்டும் சாதி இல்லை! வாழ்த்து அனுப்புகிற கை இந்த உரிமைக்கான கோரிக்கையிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

டிசம்பர் 25 வேறு இரண்டு காரணங்களுக்காகவும் நம் நாள். 1927இல் அதே நாளில்தான் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968இல் அதே நாளில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அன்று காலை கிறித்தவ நண்பருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாலையில் வெண்மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. நான் அழைத்தபோது என் கிறித்தவ நண்பர்கள் வந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 14ஐயும் பாருங்கள். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று 2008இல் சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது. தையா, சித்திரையா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. அந்தச் சித்திரை முதல் நாள் பெரும்பாலும் வந்து விழுவது அம்பேத்கர் பிறந்தநாளில். 2022இல் தமிழ்நாடு அரசு அதைச் சமத்துவ நாளாக அறிவித்தது. அன்று என் கைப்பேசி புத்தாண்டு வாழ்த்துகளால் நிரம்புகிறது. காலனித் தோழர்களிடமிருந்து 'ஜெய் பீம்' வருகிறது. ஊர்த்தெருவிலிருந்து சமத்துவ நாள் வாழ்த்து ஒன்றுகூட வருவதில்லை. மதச்சார்பின்மை பேசுகிற நண்பர்களிடமிருந்தும் இல்லை. நாம் வாழ்த்த மறந்த இந்த நாளைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் விவாதம் வைக்காது. நாம்தான் தொடங்க வேண்டும்.

அந்த நண்பனைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கலன்று முதன்முறையாக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பழைய கதை எதையும் பேசவில்லை. "சாப்ட்டுப் போ தம்பி" என்று இலை போட்டார்கள். கிளம்பும்போது அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "ஒங்க வூட்டுக்கு நான் எப்ப வர்றது?" அப்பா இருந்தவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் இறந்த பிறகுதான் அவனும் அவன் மனைவி மக்களும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டும்.

வரும் பொங்கலுக்கு நீங்களும் வாழ்த்து அனுப்புவீர்கள். ஊர்த்தெருவில் இருக்கும் தோழர்களே, காலனியில் இருக்கும் நண்பருக்கு அதைக் கைப்பேசியில் அனுப்பாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள், அங்கே சாப்பிடுங்கள், மறுநாள் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால், உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.